வலிக்காத கை

நாள் முழுக்க ஊரார் பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே இன்னொரு பல் வரிசை எனக்காகக் காத்திருக்கும். செருப்பைக் கழற்றக் குனிந்தால் விரலைப் பிடிக்கும். பையைக் கீழே வைத்தால் மணிக்கட்டைப் பிடிக்கும். விளையாட்டுத்தான், கோபமெல்லாம் இல்லை. ஆனால் நாய்க்குட்டிப் பல் ஊசி மாதிரி இறங்கும். கறுப்பாக உருண்டையாக இருக்கிறதே என்று அதற்குக் கடுகு எனப் பெயர் வைத்தாள் என் மகள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது அப்போது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக அடுக்குவது என் பங்கு. கடைசியில் ரோஸ் நிறப் பொடியில் ஒரு திரவத்தை ஊற்றிப் பிசைய வேண்டும். விரலில் கீறல் இருந்து அந்தத் திரவம் பட்டுவிட்டால் உயிர் போய்த் திரும்பி வரும். கடுகு வந்த பிறகு எனக்குக் கீறல் இல்லாத விரலே இல்லை.

"ஏம்மா, இது கையா, பிளாஸ்திரிக் கடையா?" என்றார் முதலாளியம்மா. "மெழுகுல எல்லாம் நூல் ஒட்டியிருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தீன்னா அச்சு கழுவுற பக்கம் அனுப்பிடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. நாய்க்கு வேலையுமில்லை நிற்க நேரமுமில்லை என்பார்களே, எனக்கு வேலையும் உண்டு, நிற்கவும் நேரமில்லை. அந்த மாதம் அது இன்னும் அதிகமாகிவிட்டது. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நான் நடந்தால் கடுகும் பின்னாலேயே ஓடிவந்து குதிகாலைக் கவ்வும்.

நாயைக் கொண்டுவந்தவன் என் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். "மச்சான் பகல் பூரா தனியா மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்காருக்கா. இது ஒரு துணையா இருக்கும்" என்று ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் வேலை செய்தவர். மேசை அளவுக் கண்ணாடியைக்கூட ஒரே இழுப்பில் கோடு கிழித்துப் பிளந்துவிடுவார். போன வருஷம் ஒரு பெரிய தகடு சறுக்கி வலது மணிக்கட்டில் இறங்கியது. தைத்தார்கள். விரல்கள் அசைந்தன, ஒரு டம்ளரைப் பிடிக்கவும் முடிந்தது. ஆனால் அந்தக் கையில் தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது. "நரம்பு மெதுவாத்தான் வளரும். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் எந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர் மூடிமேல் அந்தக் கையை ஊன்றிக்கொண்டு நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். கரண்ட் பில் பற்றி என்னவோ பேச்சு. கருகல் வாடை வந்த பிறகுதான் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அதற்குப் பிறகு நான் சூடான எதையும் அவருக்கு இடது பக்கம்தான் வைப்பேன். நரம்பு வெட்டுப்பட்ட கை சீக்கிரம் சில்லிட்டுப் போகும் என்பதால் வீட்டுக்குள்ளும் ஒரு கம்பளிக் கையுறை போட்டிருப்பார். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பையில் பஞ்சு, சாக்குத் துணி, பிரஷ் எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் கையில் தேய்த்து, எது எது என்று சொல்லிப் பழக வேண்டும். செய்தீர்களா என்று கேட்டால், "ம்" என்பார். பையின் முடிச்சு நான் போட்ட மாதிரியே இருக்கும்.

கடுகு வந்த பிறகு மனுஷன் சிரித்தார். அதை நான் மறுக்க மாட்டேன். அதனால்தான் இத்தனை கடியையும் பொறுத்துக்கொண்டேன்.

கடிப்பதை நிறுத்த ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். "மூக்குமேல ஒரு தட்டு தட்டுக்கா, அடங்கிரும்" என்றான் தம்பி. தட்டினேன். அதுவும் விளையாட்டுப் போலிருக்கிறது என்று குஷியாகி இரண்டு மடங்கு கடித்தது. தடுப்பூசி போடப் போனபோது கால்நடை டாக்டர்தான் விவரமாகச் சொன்னார்.

"அடிக்காதீங்க. குட்டிங்க ஒண்ணோட ஒண்ணு விளையாடுறப்ப, அழுத்திக் கடிச்சா கடிபட்டது கத்தும், விளையாட்டை விட்டுட்டுப் போயிடும். அதுல இருந்துதான் எவ்வளவு கடிக்கலாம்னு கத்துக்கும். நீங்களும் பல்லு பட்டதும் 'ஆ'ன்னு சொல்லிட்டு, கையை எடுத்துட்டுத் திரும்பிக்குங்க. கொஞ்சம் பொறுத்துக் கடிக்க வேற ஏதாவது குடுங்க. வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும். ஒருத்தர் விட்டுக் குடுத்தாலும் போச்சு."

என் மகள் வாலு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வாலு என்பது நாங்கள் கூப்பிடுகிற பெயர், காரணம் சொல்லத் தேவையில்லை. பழைய துண்டை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கடுகுக்கு ஒரு பொம்மை செய்தாள். எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் நிற்க வைத்து 'ஆ' சொல்லச் சொன்னாள். என்னுடையது சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறதாம், அவள் அப்பாவுடையது தூக்கத்தில் முனகுவது போல இருக்கிறதாம். இரண்டு பேருக்கும் ஃபெயில் போட்டாள்.

ஆனால் வைத்தியம் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க 'ஆ' சொல்லித் திரும்பித் திரும்பி நின்றால், சாயங்காலத்துக்குள் கடுகு கையை விட்டுவிட்டுத் துண்டைத் தேடும். எனக்குப் பெருமையாக இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து வந்து குனிந்தால் மறுபடி லபக். செவ்வாய் இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை வந்தால் நாய் இல்லை, ஊக்குப் பெட்டி. நாங்கள் துடைத்துவைத்த பலகையில் யாரோ பகலில் திரும்ப எழுதிவிட்டுப் போவது போல இருந்தது.

"பகல்ல உங்களைக் கடிக்குதா?" என்று கேட்டேன்.

"என்கிட்டயா? சமத்தா இருக்கே" என்றார், கையுறைக் கையை மடியில் வைத்துக்கொண்டு.

எனக்கு எரிந்தது. சோறு போடுகிறவள் நான், ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் நான். என்னைக் கடித்துவிட்டு அவரிடம் சமத்தாக இருக்கிறதாம்.

அந்த வாரக் கடைசியில் வாலுவின் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் முறைப்படி 'ஆ' என்றாள். அது விடவில்லை. இன்னும் அழுத்தி, தலையை உலுக்கியது. நான் ஓடிவந்து வாயைப் பிரித்தேன். அவள் கையில் இரண்டு சிவப்புப் புள்ளியாக ரத்தம் எட்டிப்பார்த்தது. ரத்தத்தைத் துடைத்தபோதுதான் இடத்தைக் கவனித்தேன். அந்த இடத்தில் அவள் அப்பாவுக்கு ஒரு நீளமான தழும்பு இருக்கிறது.

குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த கையோடு தம்பிக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வேனோட வா. மாவு மில்லுக்காரருக்கு நாய் வேணும்னு சொன்னியே, கொண்டுபோய் விட்டுரு."

வாலு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா."

"எதுக்கு? அடுத்து மூஞ்சியக் கடிக்கவா?"

"இல்ல... கொஞ்ச நாள்."

"காரணம் சொல்லுங்க, பொறுக்கிறேன்."

கூடத்துக்குப் போனார், ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். என் வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டது போல. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்தோம், நடுவில் கடுகு யாருடைய காலைப் பிடிப்பது என்று தெரியாமல் திண்டாடியது.

சனிக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது துணி துவைக்க எடுத்தேன். கட்டிலில் கையுறை கிடந்தது. ஒரு மாதிரி வாடை அடித்தது. நீ துவைக்க வேண்டாம், நானே அலசிக்கொள்கிறேன் என்று அவர் அதைத் தருவதே இல்லை. இருக்கிற எரிச்சலில் அதையும் எடுத்து வாளியில் போடுவதற்காக உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். கம்பளி இழையில் நொய்யரிசி மாதிரி ஏதோ சிக்கியிருந்தது.

என் தொழில் அது. இருட்டில் கொடுத்தாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பல். கீழ் வரிசை முன்பல், பால்பல், வேர் கரைந்து விழுந்தது. கடுகுக்குப் பல் விழுகிற பருவம்தான். ஆனால் வீடு பெருக்கும்போது கிடைக்க வேண்டிய பல் கையுறைக்குள் எப்படிப் போகும்? பல்லைச் சுற்றிலும் பார்த்தேன். உள்கம்பளி முழுக்கத் திட்டுத் திட்டாகக் காய்ந்த பழுப்பு நிறம்.

குளியலறைக் கதவு திறந்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்கன்னேன்."

காட்டினார். உள்ளங்கை ஓரத்திலும் சுண்டுவிரலிலும் இடம் விடாமல் கடித்த தடம். பழையதன்மேல் புதியது. ஒன்று சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

"இதுதான் சமத்தா? சிறுபிள்ளைத்தனமா இல்ல?" கத்தினேன். "நாங்க ரெண்டு பேரும் வெளிய போனதும் கையுறையக் கழட்டிட்டுக் கையைக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்களா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். தலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்த புதுசுல ஒரு நாள் கடிச்சுது. இந்த இடத்துல" என்று இடது விரலால் சுண்டுவிரலின் அடியைத் தொட்டார். "சுருக்குன்னுச்சு."

நான் கையுறையைக் கட்டிலில் வைத்தேன்.

"ஒரே ஒரு தடவை. நிஜமா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணிச்சான்னு தெரியல. மறுபடி ஒரு தடவை வருதான்னு பாக்கலாம்னு குடுத்தேன். கண்ணை மூடிட்டு. அப்புறம் வரல. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடிச்சா வரும்னு..."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நம்பிடுவ" என்றார். "நீ நம்பி, அப்புறம் இல்லைன்னு ஆச்சுன்னா, உன் மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. சட்டையை எடுத்துப் போடச் சொல்லி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சீழை எடுத்துக் கழுவி ஊசி போட்டார். "உணர்ச்சி இல்லாத கைன்னா கண்ணை அதுமேலயே வச்சிருக்கணும், நீங்க கண்ணை மூடிட்டு உக்காந்தீங்களா?" என்று எனக்கும் சேர்த்துத் திட்டினார். அந்தச் சுருக்கென்ற விஷயத்தைக் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை.

வீட்டில் வாலுவிடம் மறைக்க முடியவில்லை, கட்டுப் பெரிதாக இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, பேச்சு நிறுத்தியதையும் மறந்து கேட்டாள்:

"கடிச்சப்ப அப்பா கத்தவே இல்லையா?"

"வலிச்சாத்தானேடி கத்த முடியும்."

"அப்ப கடுகு மேல தப்பே இல்லம்மா. பகல் பூரா எவ்வளவு அழுத்திக் கடிச்சாலும் பரவாயில்லைன்னு அப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. சாயங்காலம் நாம கடிக்கக் கூடாதுன்னு சொன்னா, அது யார் சொல்றதைக் கேக்கும்?"

லேபில் ஒரு பல் செட் முடிந்ததும் மேலும் கீழும் சரியாக உட்காருகிறதா என்று கடிக்க வைத்துப் பார்க்கும் வேலையும் எனக்குத்தான். அப்படிச் சரிபார்க்கிறவள், இதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. கடித்தால் வலிக்கும் என்று நாய்க்குப் புரிய வைக்க வேண்டிய பொறுப்பை, வலியே தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வேனோடு வந்தான். அட்டைப் பெட்டியெல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தான். டீ கொடுத்து, பெட்டியையும் அவனையும் திருப்பி அனுப்பினேன். "நல்லாக் கூப்பிட்ட போக்கா" என்று முனகிக்கொண்டே போனான்.

அன்றைக்கே வாலு அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். கட்டுப்போட்ட கைக்குமேல் தோல் கையுறை ஒன்றைப் போட்டுவிட்டேன். விதி இதுதான்: கண்ணை மூடக் கூடாது. கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல் பட்டதும் கத்த வேண்டும்.

"வலிக்காததுக்கு எப்படிக் கத்துறது? கூச்சமா இருக்கு" என்றார்.

"நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும்" என்றேன்.

"ஆ" என்றார்.

"டாக்டர்கிட்ட நாக்கை நீட்டுற மாதிரி இருக்குப்பா. கடுகு உங்க தொண்டையத்தான் பாக்கும்" என்றாள் வாலு.

"ஆ..."

"இப்பக் கொட்டாவி."

கடுகு கையுறையைக் குதறிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையையே பார்த்தார். பிறகு கத்தினார். அந்த மாதிரி ஒரு சத்தத்தை அவரிடம் நான் கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நிற்காமல் வந்தது. கடுகு வாயை விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. வாலு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கடையில கண்ணாடி விழுந்தப்பக்கூட நான் கத்தலம்மா" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "கஸ்டமர் நின்னுட்டிருந்தாரு. துணியச் சுத்திட்டு, உக்காருங்க சார்னு சொன்னேன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எழுந்து போக வேண்டும் போல் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு அப்படி இருந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் 'ஆ' சத்தம் ஓயவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது ஒரு நாய்க்குட்டி எம்மாத்திரம். பகலில் அவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கத்தினார், திரும்பி உட்கார்ந்தார், துண்டைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் என்னை வழிமறித்து, "வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கவலையோடு விசாரித்தார். கடுகின் ஊசிப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து மழுங்கலாகப் பெரிய பல் முளைத்தது. மெல்ல மெல்ல, யார் 'ஆ' என்றாலும் வாயில் இருப்பது எதுவானாலும் கீழே போட்டுவிட்டு உட்காரப் பழகிக்கொண்டது. என் விரல்கள் ஆறின. முதலாளியம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

சாயங்காலங்களில் அந்தப் பையின் முடிச்சை நானே அவிழ்த்தேன். பஞ்சு, சாக்கு, பிரஷ் என்று ஒவ்வொன்றாக அவர் கையில் தேய்ப்பேன். முதலில் எல்லாம், "தெரியுதா? இப்ப? இது?" என்று துளைத்தெடுத்தேன். இல்லை, இல்லை என்பார். ஒவ்வொரு இல்லைக்கும் நான் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன், அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

போன வாரம் ஒரு நாள் லேபில் அவசர வேலை வந்து தாமதமாகிவிட்டது. வந்ததும் வராததுமாக டீயைப் போட்டேன். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எவர்சில்வர் டம்ளரை மேசையில் டக்கென்று வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று திரும்பி ஓடினேன். எந்தப் பக்கம் வைத்தேன் என்று பார்க்கவில்லை. கடுகு அடுப்படியில் என் காலடியில் படுத்துத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

கூடத்திலிருந்து "ஆ" என்று சத்தம் வந்தது.

"கடுகு, விடு" என்றேன், பால் பாத்திரத்தைப் பார்த்தபடியே. வாய்ப்பழக்கம்.

காலடியில் துண்டு விழுந்தது. குனிந்து பார்த்தேன். கடுகு துண்டைக் கீழே போட்டுவிட்டு, செய்யாத குற்றத்துக்குக் காதை மடக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தது.

நான் அடுப்பை அணைக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. கூடத்து வாசலில் போய் நின்றேன். பேப்பர் தரையில் கிடந்தது. டம்ளர் மேசையில் அவருக்கு வலது பக்கம் ஆவி பறக்க இருந்தது. அவர் வலது சுண்டுவிரலை இடது கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சுடுது" என்றார்.